பழைய துப்பாக்கியும் வெந்நீரும்

ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இச்சாப்பூரில் நம் படைக்கெனச் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பல, பணி முடிந்தபின் கழிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு விலைபோயின. நம் நாட்டில் .303 அளவுத் துப்பாக்கி பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. அங்கோ அவற்றை வாங்கிப் பேணி, குறிபார்த்துச் சுட்டு மகிழ்வோர் இன்றும் உளர். அப்பழைய குழலுக்குப் பெரும் பகை யாது? குண்டு அன்று, உப்பு!

தோட்டாவின் அடியில் பிரைமர் என்னும் சிறு கிண்ணம் உண்டு. ஊசி அதனைத் தாக்கியதும் உள்ளிருக்கும் மருந்து பொறியெழுப்பி, வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. பழைய படைத் தோட்டாக்கள் பலவற்றில் அம்மருந்தோடு பொட்டாசியம் குளோரேட் கலந்திருக்கும். அது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாகக் குழலினுள் படிகிறது. இது நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைக் கடந்தால், இவ்வுப்பு நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். அந்த உப்புநீர் இரும்பை அரிக்கும்.

எண்ணெய் தடவினால் போதாதா? போதாது. எண்ணெயில் உப்பு கரையாது. அடியில் ஒளிந்தே கிடக்கும். சிலர், அம்மோனியா உப்பை முறித்துவிடும் என்பர். பொட்டாசியம் குளோரைடு நடுநிலையானது. முறிப்பதற்கு அங்கே அமிலம் ஏது? அம்மோனியாக் கரைசலில் உப்பைக் கரைப்பது அதிலுள்ள நீரே.

ஆகவே, குழலில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, கொதிநீரைப் புனல்வழி ஊற்ற வேண்டும். 100 மில்லி நீர் 20 டிகிரியில் சுமார் 34 கிராம் உப்பைக் கரைக்கும். கொதிநிலையில் சுமார் 56 கிராம். சூடேறிய குழல் விரைவில் உலர்ந்தும் விடும். போல்ட்டின் முகப்பையும் கழுவித் துடைத்து, அதன்பின்னரே எண்ணெய் இடவேண்டும். பிரிட்டிஷ் படையினர்க்கு இதற்கெனவே புனல் வழங்கப்பட்டது.

என் தாத்தா 1965இல் படைவீரர். "சுட்டு முடித்தால் வெந்நீர், பிறகு எண்ணெய்" என்பார். பன்னிரண்டாம் வகுப்புச் செருக்கில் நான், "இரும்பில் நீர் பட்டால் துருப்பிடிக்கும், தாத்தா" என்று அவரைத் திருத்தினேன். அவர் சிரித்தாரேயன்றி மறுக்கவில்லை. நான் சொன்னது பொய்யன்று, பாதிப் பாடம். மீதிப் பாதியை அவர் கையால் அறிந்திருந்தார். நான் முதுகலைக்கு வந்தே அறிந்தேன். இவ்விதழின் ஒரு படி ஊருக்கு, அவர் பெயருக்கு, அஞ்சலில் போகிறது.