நாற்றம் செய்த நன்மை

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது வள்ளியூர். குன்றைக் குடைந்தமைத்த முருகன் கோயிலும், ஊரைச் சூழ்ந்து சுழலும் காற்றாலைகளும் அதன் அடையாளங்கள். ஆனி, ஆடித் திங்களில் அங்கு மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆதலின், இல்லத்தார் கதவையும் சாளரத்தையும் அடைத்துவைத்தே உலையேற்றுவர். உடைவிறகும் பனங்காவோலையும் எரிந்த காலத்தில் புகை கண்ணைக் கரித்து நெஞ்சை அடைத்தது. எனினும், அது தன் வரவைத் தானே அறிவிக்கும் பகை. 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் நடுவணரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் சிற்றூர்களின் அடுக்களைக்கும் எரிவாயுவைக் கொண்டுவந்தன. இவ்வாயு கண்ணுக்குப் புலனாகாது. இயல்பில் இதற்கு மணமும் இல்லை.

அங்ஙனமாயின், உருளை கசியும்போது அழுகிய முட்டையை ஒத்த நாற்றம் வீசுவது எவ்வாறு? அது வாயுவுக்கு வேண்டுமென்றே ஊட்டப்பெற்ற நாற்றம். (நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது, இன்று பொருள் இழிந்துவிட்டது. இவ்விடத்திலோ இழிந்த பொருளே உயிர் காக்கிறது.) அதன் வரலாறு துயர் மிக்கது.

அமெரிக்க நாட்டு டெக்சாசு மாநிலத்தில் நியூ லண்டன் என்றோர் ஊர் உண்டு. எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த ஊர் அது. ஆங்கிருந்த பெரிய பள்ளியைச் சூடேற்றுவதற்கு, எண்ணெய் வயலில் எஞ்சிய இயற்கை வாயுவைச் செலவின்றிக் குழாய்வழிப் பெற்றுவந்தனர். குழாய் கசிந்தது. மணமற்ற வாயு தளத்தின் அடியிலிருந்த வெற்றிடத்தில் மெல்ல நிறைந்தது. பிள்ளைகள் சிலர் தலைவலி என்றனர். காரணத்தை எவரும் உய்த்துணரவில்லை. 1937 மார்ச்சு 18ஆம் நாள், பள்ளி விடும் வேளைக்குச் சற்று முன்னர், தொழிற்கூடத்தில் மரம் இழைக்கும் மின்கருவி ஒன்று இயக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு தீப்பொறி தெறித்தது. கட்டடம் மேலெழும்பிச் சரிந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். வாயுவுக்கு ஒரு தீநாற்றம் இருந்திருப்பின் அன்று காலையிலேயே பள்ளி வெறுமையாகியிருக்கும். அவ்வாண்டே டெக்சாசில் வாயுவுக்கு நாற்றம் ஊட்டவேண்டும் எனச் சட்டம் பிறந்தது. பிற நாடுகளிலும் அவ்வழக்கம் பரவியது. இன்று நம் நாட்டு உருளைகளில் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருள் மிகச் சிறிதளவே சேர்க்கப்படுகிறது. வாயு தீப்பற்றும் அளவை எட்டுவதற்கு நெடுமுன்னரே மூக்கு அதனை அறிந்துவிடும்.

ஆயினும், மூக்கு சோர்வடையும் காவலன். ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருப்பின் அதனை உணராது போகும். சளி பிடித்தோர்க்கும் முதியோர்க்கும் அவ்வுணர்வு குறைவு. ஆகவே, வெளியிலிருந்து வருபவர் நாறுகிறதென்றால் உள்ளிருப்பவர் மறுத்துரைத்தல் தகாது. உருளையருகே சீறும் ஒலி கேட்டாலும் கசிவை ஐயுறுதல் வேண்டும்.

குழாய்வழி வரும் இயற்கை வாயு காற்றினும் இலேசானது, மேலே எழும். உருளை வாயுவோ காற்றினும் கனத்தது. தரையில் தவழ்ந்து மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் அது கலந்தாலே தீப்பற்றும். வீட்டு உருளை ஒன்றில் 14.2 கிலோ வாயு நீர்மமாக அடைபட்டுள்ளது. வெளிப்படின் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். மேல்காற்றுக்கு அஞ்சி அடைத்த அடுக்களைக்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை.

விடியலில் அடுக்களைக் கதவைத் திறந்ததும் நாற்றம் வந்தால், பழக்கத்தால் கை விளக்குச் சுவிட்சை நோக்கிச் செல்லும். அக்கை அங்கேயே நிற்றல் வேண்டும். சுவிட்சைப் போடுவதிலும் தீப்பொறி உண்டு, அணைப்பதிலும் உண்டு. மின்விசிறியும் வேண்டா, பூசை விளக்கும் வேண்டா. புழுதி புகுந்தாலும் புகுக என்று கதவு, சாளரம் அனைத்தையும் திறந்து, ரெகுலேட்டரை மூடி, உறங்குவோரை எழுப்பி வெளியேற்ற வேண்டும். முற்றத்துக்கு வந்த பின்னரே தொலைபேசியைத் தொட்டு 1906 என்னும் எண்ணை அழைக்கலாம்.

கசிவு எவ்விடத்தது என்பதைத் தீக்குச்சி கிழித்துத் தேடுவோர் இன்றும் உளர். சவர்க்கார நீரைக் குழாயிலும் பொருத்துவாயிலும் தடவினால் போதும். கசியுமிடத்தில் குமிழிகள் எழும்.