மல்லாட்டைச் சீமையின் எண்ணெய்க் குறிப்புகள்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிறது மண்டகப்பட்டு. சுற்றுவட்டாரம் முழுக்க மல்லாட்டை விளையும் மண். மணிலாக்கொட்டை என்ற பெயர் நாக்கில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. வேர்க்கடலை என்பதெல்லாம் புத்தகத்தில்தான். பக்கத்துத் திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்களைத் தெரியாத கடலை விவசாயி கிடையாது. இப்படி எண்ணெய் ஊறும் ஊரிலும், எந்தக் கொழுப்பு நல்லது, எது கெட்டது என்ற குழப்பம் மட்டும் தீர்ந்தபாடில்லை. அடுப்படியில் நின்று யோசித்த சில குறிப்புகள் இவை.

1. மண்டகப்பட்டுக் குடைவரைக்குப் போனால் அங்குள்ள கல்வெட்டின் செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகப் பெருமையோடு வெட்டிவைத்திருக்கிறான். அந்த ‘இல்லாமல்’ ஒரு சாதனை. எண்ணெய் பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சடிப்பது அப்படியல்ல. கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து வரும் உணவில்தான் சொல்லும்படி இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் கிடையாது. கல்லைக் குடைந்தவன் ‘சுண்ணாம்பு இல்லை’ என்றால் வியக்கலாம். கடலையைப் பிழிந்தவன் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்றால் அதற்காகப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

2. பாட்டிலில் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை, அதாவது எல்.டி.எல்.லை, ஏற்றிவிடுவதில் இதற்குத்தான் பெரிய பங்கு. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல், நெய்யில் 60-க்கு மேல், பாமாயிலில் பாதியை ஒட்டி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கு உள்ளே, நல்லெண்ணெயில் 15 அளவில் இருக்கும். மீதியெல்லாம் பெரும்பாலும் நிறைவுறாத கொழுப்பு, இதயத்துக்கு இணக்கமானது. நெய்யை விட்டுவிடச் சொல்லவில்லை. சூடான பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி விட்டுக்கொள்ளுங்கள். அல்வா கிளறும் கணக்கில் தினமும் வேண்டாம்.

3. ‘மல்லாட்டை எண்ணெய்தானே, ஊத்தினா என்ன?’ என்ற பேச்சுதான் நம் பக்கத்துப் பெரிய சிக்கல். நல்ல எண்ணெயானாலும் கெட்ட எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. அதில் பாரபட்சமே கிடையாது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, எண்ணெய் நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். மாதம் பிறந்ததும் அதைத் தனியாக ஒரு தூக்கில் ஊற்றிவையுங்கள். இருபதாம் தேதி தூக்கு காலியானால், கை எங்கே தாராளமாகிறது என்று தெரிந்துவிடும்.

4. தூக்கிலிருந்து வாணலிக்கு நேரே சாய்க்காதீர்கள். கரண்டி போட்டு எடுங்கள். தோசைக்கல்லுக்குப் பழையபடி வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெய் தொட்டுத் தேயுங்கள்.

5. எண்ணெயின் கலோரிக் கணக்கைக் காலால் அறிய வேண்டுமானால் ராஜகிரி ஏறுங்கள். செஞ்சிக் கோட்டையின் அந்த மலை ஏறத்தாழ 800 அடி. 60 கிலோ எடையுள்ளவர் மூச்சு வாங்க அடியிலிருந்து உச்சி வரை ஏறினால், நான் போட்டுப் பார்த்த கணக்கில், செலவாவது நாலு தேக்கரண்டி எண்ணெய்க்கு ஈடான கலோரி. மேலே போய் அந்தக் களைப்புக்கு ஒரு பொட்டலம் சிப்ஸ் பிரித்தால் கணக்கு அங்கேயே நேராகிவிடும்.

6. செக்கெண்ணெய் வாங்கும்போது விலையை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்று வருவதைக் கழியுங்கள். அதற்கும் கீழே ஒருவர் ‘சுத்தமான மரச்செக்கு எண்ணெய்’ விற்கிறார் என்றால் அவர் வள்ளலாக இருக்க வேண்டும், அல்லது பாட்டிலில் வேறு எண்ணெயும் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். அசல் கடலை எண்ணெயே நல்ல குளிரில் கலங்கிக் கெட்டிப்படும்.

7. சொந்தக் கடலையைச் செக்குக்குக் கொடுப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று. பூஞ்சை பூத்தது, கறுத்தது, சுருங்கியது, உடைத்தால் கசப்பது இவற்றையெல்லாம் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஈரம் போகாமல் மூட்டை கட்டிய கடலையில் வரும் பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கைத் துருவித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆலையில் சுத்திகரிக்கும்போது இந்த நச்சு பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. செக்கெண்ணெய் பேசுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘கழிசல் கடலை எண்ணெய்க்கு ஆகும்’ என்ற வழக்கத்தை அடியோடு விடுங்கள்.

8. ரேஷன் பாமாயிலைத் திட்டிக்கொண்டே வாங்குகிறோம். லிட்டர் 25 ரூபாய்க்கு வருவதை வேண்டாம் என்று சொல்ல எத்தனை வீட்டால் முடியும்? அதில் டிரான்ஸ் கொழுப்பு இல்லை, சூட்டையும் தாங்கும். எப்போதாவது வடை, முறுக்கு சுடுவதற்கு அதை ஒதுக்குங்கள். அன்றாடக் குழம்பு, பொரியல், தாளிப்புக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும். செக்கெண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் பொரிக்க அதை ஊற்றி வீணாக்குவானேன்?

9. உண்மையில் அஞ்ச வேண்டிய கொழுப்பு டிரான்ஸ். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி, நெய் போலக் கெட்டியாக்கும்போது வருவது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நில்லாமல் நல்லதையும் இறக்கிவிடும். 1937-இல் டால்டா வந்த நாளிலிருந்து, வனஸ்பதி என்ற அந்தக் கெட்டிக் கொழுப்பு நம் கல்யாணச் சமையல்வரை புகுந்துவிட்டது. நெய்யில் அதைக் கலந்து விற்பார்கள் என்று அப்போதே தெரியும். அதனால் வனஸ்பதி தயாரிக்கும்போது நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஏன் நல்லெண்ணெய்? ஆய்வுக்கூடத்தில் அமிலமும் சர்க்கரையும் சேர்த்தால் எள் மட்டும் சிவந்து காட்டிக்கொடுக்கும். கலப்பட நெய்க்கு எள்ளே சாட்சி! இன்று எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்புக்கு உச்சவரம்பு உண்டு: 2021-இல் 3 விழுக்காடு, 2022 தொடக்கத்திலிருந்து 2.

10. ஆனாலும் பப்ஸ், வர்க்கி, கிரீம் பிஸ்கட் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். வனஸ்பதி, மார்கரின், ஷார்ட்டனிங், ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு: இந்தப் பெயர்களில் ஒன்று பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் பொட்டலத்தை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம்.

11. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்துப் புகைகிற எண்ணெய் கெட்டுப்போன எண்ணெய். பலமுறை காய்ந்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து கடைகளுக்கு விதி இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி ஏது? கண்ணும் மூக்கும்தான். தீபாவளிக்கு அகல வாணலியை விட்டுச் சின்ன, குழிவான வாணலியை எடுத்தால் எண்ணெய் குறைவாகவே மிஞ்சும். மிஞ்சியதை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள்.

12. கொழுப்பு எண்ணெயில் மட்டும் இல்லை. ஆவின் பாலின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் நூற்றுக்கு 6, நீலத்தில் 3. அரை லிட்டரில் வித்தியாசம் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்கு மேல். எடை குறைக்க விரும்பும் பெரியவர்களுக்கு நீலம் போதும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. மூளை வளரும் பருவம்.

13. கீரையையும் கேரட்டையும் எண்ணெயே இல்லாமல் வேகவைத்துத் தின்பது தவம் போல் தெரியலாம், பயன் குறைவு. அவற்றிலிருந்து வைட்டமின் ஏ கிடைக்கக் கொஞ்சம் கொழுப்பு துணை வேண்டும். முருங்கைக்கீரையில் வறுத்த மல்லாட்டையைப் பொடித்துத் தூவினால் அந்த வேலையும் முடியும், ருசியும் ஏறும்.

14. ஒமேகா-3 மாத்திரைக்கு முன்னால் மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் மீன்கூடையைப் பாருங்கள். மத்தி, கானாங்கெளுத்தி இரண்டும் மலிவு, ஒமேகா-3 நிறைந்தவை. குழம்பு வையுங்கள், பொரித்தால் வாணலி எண்ணெயும் சேர்ந்தே வரும். மீன் தொடாதவர்களுக்கு ஆளிவிதையை வறுத்துப் பொடித்த இட்லிப் பொடி.

15. எண்ணெய் வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் இருந்தால் சிக்கு வாடை அடிக்கும். பழையது தீராமல் அதன்மேல் புதியதை ஊற்றாதீர்கள். பழையதன் கெடுதல் புதியதையும் பிடிக்கும். நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், எள்ளிலேயே கெடாமல் காக்கும் பொருள் உண்டு. ஊறுகாய்க்குப் பாட்டிமார் அதை எடுத்தது அதனால்தான்.

16. ‘தீப எண்ணெய்’ என்று விற்பது விளக்குக்கு மட்டும். மலிவாக இருக்கிறது என்று ஒரு நாளும் தாளிக்க எடுக்காதீர்கள். கார்த்திகைக்கு வாங்கிய பாட்டிலைச் சமையல் அலமாரியில் வைக்காமல் பூஜை மாடத்திலேயே வைத்துவிடுங்கள். அவசரத்தில் கை மாறும்.

17. இத்தனையும் படித்த பிறகு கொறிக்கத் தோன்றினால், ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை. வறுத்ததும் சரி, உப்பை மட்டும் கையை அடக்கிப் போடுங்கள். பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். ஆனால் அதோடு நூற்றுக்கு 25 அளவுக்குப் புரதமும் நாரும் சேர்ந்து வருவதால் வயிறு நிறைந்து கை நின்றுவிடும்.