பெருமாளின் நிறம் நீலமா, கறுப்பா?

பூஜையறையில் மாட்டியிருக்கும் காலண்டர் கண்ணனைப் பாருங்கள். தெளிந்த வானத்தின் நீலம்! அதே வீட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு பெருமாள் கோயிலுக்குப் போங்கள். கருவறையில் தீபாராதனை வெளிச்சத்தில் மின்னுகிற மூலவர் கன்னங்கரேல் என்று இருப்பார். 'வீட்டுல நீலமா இருக்கார், இங்க ஏன் கறுப்பா இருக்கார்?' என்று அந்தக் குழந்தை கேட்டால், 'இது கல்லுடா கண்ணா' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். குழந்தையின் கேள்வி அத்தனை சாதாரணமானது அல்ல. அதற்கு ஆண்டாளிடம் ஒரு பதில் இருக்கிறது. அவளிடம் போவதற்கு முன், நீலம் என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்கள் என்று பார்த்துவிடுவோம்.

நாகப்பட்டினம் காயாரோகணேஸ்வரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே அம்பாளின் திருநாமம் நீலாயதாட்சி. நீண்ட நீல விழிகளை உடையவள் என்று பொருள். அதே அம்பாளுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? கருந்தடங்கண்ணி! வடமொழியில் நீலக் கண், தமிழில் கருங்கண். யாரும் தவறாக மொழிபெயர்த்துவிடவில்லை. 'நீல' என்ற வடசொல்லுக்குள் கருநீலமும் அடக்கம், கறுப்பும் அடக்கம். மழை மேகத்தை நீலமேகம் என்கிறோம். அண்ணாந்து பார்த்தால் அது கறுத்துத்தான் இருக்கிறது. நீலோற்பலம் என்று வடமொழி சொல்லும் மலரைத் தமிழ் கருங்குவளை என்கிறது. இன்றைக்கும் இந்த வழக்கம் மறையவில்லை. கார்த்திகை மாதம் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களில் சிலர் கறுப்பு வேட்டி கட்டுகிறார்கள், சிலர் நீல வேட்டி கட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று குருசாமிக்குத் தெரியும். சனி பகவானுக்குச் சாத்தும் வஸ்திரமும் அப்படியே.

சிவபெருமானின் கண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலகாலம் தங்கிய இடம் அது. அதை ஒரு சமயம் கறை என்கிறார்கள், கறைக்கண்டன் என்று பெயர் வருகிறது. அதையே இன்னொரு சமயம் நீலமணி என்கிறார்கள், மணிமிடற்றன் என்று பெயர் வருகிறது. விஷத்தின் கறையும் விலையுயர்ந்த ரத்தினமும் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில்! தில்லையில் வாழ்ந்த குயவரான திருநீலகண்ட நாயனாரின் கதையை அறிவீர்கள். கணவர் தவறிய அன்று, 'எம்மைத் தீண்டாதீர்' என்று அந்த அம்மையார் ஆணையிட்டது வேறு எதன் மீதும் அல்ல, அந்தத் திருநீலகண்டத்தின் மீதுதான். அந்த ஒரு சொல்லுக்காக, முதுமை வரும் வரை ஒரே வீட்டில் தீண்டாமல் வாழ்ந்தார்கள் இருவரும். திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது ஞானசம்பந்தர் பாடியதும் திருநீலகண்டப் பதிகமே.

பெருமாளுக்கு வருவோம். அவருக்கு ஒரே நிறம் என்று ஆழ்வார்களும் சொல்லவில்லை, புராணங்களும் சொல்லவில்லை. யுகத்துக்கு ஒரு நிறம் என்கிறது பாகவதம்; கிருதயுகத்தில் வெண்மை, திரேதாயுகத்தில் செம்மை என்று போகிறது அந்தக் கணக்கு. காஞ்சிபுரத்தில் பவளவண்ணரையும் பச்சைவண்ணரையும் எதிரெதிர் கோயில்களில் தரிசிக்கலாம். திருக்கண்ணபுரத்து மூலவர் நீலமேகப் பெருமாள். மதுரைக்கு அருகே திருமோகூரில் அவரே காளமேகப் பெருமாள். நீலமேகம், காளமேகம்... மறுபடியும் அதே கதைதான்!

அப்படியானால் ஓவியர்கள் என்ன செய்தார்கள்? பாவம், அவர்களுக்குத்தான் சிக்கல். நல்ல நீலம் கிடைப்பது அந்நாளில் எளிதல்ல. அஜந்தா குகைகளில் ஏறக்குறைய 5-ம் நூற்றாண்டில் தீட்டிய நீலம், இன்றைய ஆப்கானிஸ்தானின் மலைகளில் வெட்டியெடுத்த 'லாபிஸ் லசூலி' என்ற கல்லை அரைத்துச் செய்தது. அத்தனை தொலைவிலிருந்து வர வேண்டும். நம் பக்கத்தில் விளைந்தது அவுரிச் செடி. அதன் இலையிலிருந்து எடுக்கும் சாயம் துணிக்கும் ஆயிற்று, சித்திரத்துக்கும் ஆயிற்று. கேரளச் சுவரோவியக்காரர்கள் அந்த அவுரி நீலத்தில் மஞ்சள் பிசின் ஒன்றைக் கலந்து பச்சை வண்ணம் செய்தார்கள். கதகளியில் கண்ணனின் முகமும் பச்சைதான். தஞ்சாவூர் ஓவியத்திலோ, வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன் பல படங்களில் கொழுகொழுவென்று வெளுப்பாகவே இருப்பான். அதைப் பார்த்து, 'இது நம் கண்ணன் இல்லை' என்று யாரும் வீட்டுக்குள் விடாமல் இருந்ததில்லை.

நமக்குப் பழகிப்போன அந்தப் பளிச்சென்ற நீலம் மிகப் பிந்தி வந்தது. லாபிஸ் கல்லின் நீலத்தைத் தொழிற்சாலையிலேயே செய்யும் வழியை 1820-களில் பிரான்ஸ் நாட்டு கிமே கண்டுபிடித்தார். 1828-ல் அதற்காகப் பரிசும் பெற்றார். பொன்னுக்கு நிகரான விலை விற்ற வண்ணம் மலிந்துபோனது. எவ்வளவு மலிந்தது என்றால், வெள்ளை வேட்டி பளிச்சிட நம் பாட்டிமார் வாளித் தண்ணீரில் கரைத்த சலவை நீலம்கூட அதே சரக்குதான்! பிறகு 1894-ல் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. அதன்பின் கோவில்பட்டி கொண்டய்யா ராஜு (1898–1976) போன்றவர்களின் தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் வந்தன. காலண்டர் படங்களைக் குறைத்துப் பேசுவது சிலருக்கு வழக்கம். என்னால் அப்படிப் பேச முடியாது. கோயிலுக்குள் நுழையவே அனுமதி இல்லாதிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு, தெய்வம் முதன்முதலில் கிட்டத்தில் முகம் காட்டியது அந்தக் காகிதத்தில்தான்.

ஆங்கிலத்தில் நீலம் என்றால் சோகம் என்றும் ஒரு பொருள் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தனம் முடிந்தும் துயரம் முடியாத கறுப்பின மக்கள் பாடிய பாட்டுக்கு 'ப்ளூஸ்' என்றே பெயர். அன்பு கைநழுவிப் போனதையும் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததையும் பாடுகிற பாட்டு. தமிழில் நீலத்துக்கு அப்படியொரு பொருள் இல்லை. ஆனால் நீல மலரைப் பார்த்து நெஞ்சு வெடித்த ஒருத்தி நமக்கும் உண்டு.

அவள்தான் ஆண்டாள். மார்கழி 27-ம் நாள் கூடாரவல்லி அன்று அக்கார அடிசில் செய்கிறோமே, அப்போது அழகருக்கு ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு தடா வெண்ணெயையும் நூறு தடா அக்கார அடிசிலையும் நினைக்கிறோம். நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில் வருகிறது அது. அதற்கு முன்னால் அதே பதிகத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. திருமாலிருஞ்சோலையின் கருவிளை மலரையும் காயாம்பூவையும் பார்த்து, 'நீங்கள் திருமாலின் உருவ ஒளியைக் காட்டுகிறீர்கள். நான் பிழைக்க ஒரு வழி சொல்லுங்கள்' என்று கெஞ்சுகிறாள். கருவிளை என்பது நம் வேலிகளில் படரும் சங்குப்பூ.

அடுத்த பாசுரத்தில் கெஞ்சல் கோபமாகிவிடுகிறது. குயில், மயில், கருவிளை, களாப்பழம், காயாம்பூ என ஐந்தையும் கூட்டி நிறுத்தி, மகாபாதகர்கள் என்று ஏசுகிறாள்! அவை செய்த பாவம் என்ன? அழகரின் நிறத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. 'என்னவரின் நிறம் உங்களுக்கு எதற்கு?' என்பது அவள் கேள்வி.

இந்த ஐந்தையும் ஒருமுறை மனக்கண்ணில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். குயில் கறுப்பு. மயிலின் கழுத்து பச்சை மினுங்கும் நீலம். சங்குப்பூ ஆழ்ந்த நீலம். பழுத்த களா, கறுப்பில் செம்மை ஊறிய நிறம். காயாம்பூ இன்னொரு நீலம். எந்தக் கடைக்காரரும் இவற்றை ஒரே நிறம் என்று விற்க மாட்டார். ஆண்டாளுக்கோ ஐந்தும் ஒரே நிறம். பார்த்த இடமெல்லாம் அவரை நினைவூட்டி, அவர் பக்கத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் நிறம். குழந்தை கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அழகர்கோயில் உற்சவர் அபரஞ்சிப் பொன்னால் ஆனவர் என்பார்கள். நூபுர கங்கைத் தீர்த்தம் தவிர வேறு நீரில் அபிஷேகம் செய்தால் கறுத்துவிடுவார் என்பது அங்குள்ள நம்பிக்கை.

அந்த மலைக்குப் போகும்போது வேலியோரம் சங்குப்பூ தென்பட்டால், பறிக்காமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஐவரையும் ஏசி முடித்த ஆண்டாள் அடுத்த பாசுரத்திலேயே, அந்தக் கருமுகிலின் திருவுருவைப் போலப் பூக்களின் மேல் தொங்கும் வண்டுகளிடமும், சுனைகளிடமும், சுனையில் மலர்ந்த செந்தாமரைகளிடமும், 'எனக்கொரு புகலிடம் சொல்லுங்கள்' என்று கேட்கிறாள்.