வெயிட்டிங் லிஸ்ட் நகராது என்று யார் சொன்னது?

"வெயிட்டிங்கா? அப்ப விட்டுடுங்க. அதெல்லாம் நகராது. உள்ளுக்குள்ளயே முடிச்சிருவாங்க."

பி.எஸ்சி. நர்சிங் கவுன்சலிங் முதல் ரவுண்டு முடிந்த கையோடு வருஷா வருஷம் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறார்கள், பாடம் நடத்திய வாத்தியாரே சொல்கிறார். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு விவரம் தெரியாது. மீதிப் பேருக்கு விவரம் நன்றாகவே தெரியும். தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் உண்டு. நர்சிங் மாணவிகளை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதே பிழைப்பாக இருந்தவள் நான். இரண்டாம் ரவுண்டிலும் அதற்குப் பிறகும் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாக உட்கார்ந்து, விட்டுப்போன பாடத்தை நடத்தியிருக்கிறேன். நகராத பட்டியலிலிருந்து அவர்கள் எப்படி வந்தார்களாம்?

பட்டியல் ஏன் நகர்கிறது என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு நர்சிங் இடங்களை நிரப்புவது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு. பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, ரேடியாலஜி எல்லாவற்றுக்கும் அதே விண்ணப்பம்தான். முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பலர் நீட்டும் எழுதியிருப்பார்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் ஒரு சுற்று, மாநில ஒதுக்கீட்டில் ஒரு சுற்று என்று மாறி மாறி நடக்கும். கூடவே பல் மருத்துவம் நடக்கும். அவையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்தாவும் ஆயுர்வேதமும் ஹோமியோபதியும் ஆரம்பித்துவிடும். கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் வேறு இருக்கின்றன. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நர்சிங் சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்த சிலர் எழுந்து போவார்கள்.

ஒருத்தி எழுந்தால் ஒரே ஒரு இடம்தான் காலி என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. நம் மாநிலத்தில் நூறு இடத்தில் பொதுப்பிரிவு 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. பொதுப்பிரிவில் இருந்த ஒரு பெண் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டாள் என்று வையுங்கள். அந்த இடம் சாதி பார்க்காமல் தரவரிசையில் அடுத்து நிற்பவளுக்கு. அவள் ஏற்கெனவே பி.சி. இடத்தில், தனக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு கல்லூரி கிடைத்து, மேலே நகர விருப்பம் கொடுத்துக் காத்திருக்கிறாள். அவள் நகர்ந்ததும் அந்த பி.சி. இடம் இன்னொரு பி.சி. பெண்ணுக்கு வருகிறது. அந்தப் பெண் பிசியோதெரபியை விட்டுவிட்டு வந்தால் அங்கேயும் ஒன்று காலி. ஒருத்தி போனதற்கு மூன்று பேர் நகர்ந்தாயிற்று. யார் யார் மேலே நகரலாம், எந்தச் சுற்று வரை நகரலாம் என்பதை அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்க நம்மில் யாருக்கும் பொறுமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் மட்டும் வேதவாக்கு.

அதற்காகப் பட்டியலில் பெயர் இருந்தால் சீட் நிச்சயம் என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் பொது ரேங்கைப் பார்த்துப் பதறுவதும் வீண், குதிப்பதும் வீண். வகுப்புவாரி ரேங்கைப் பாருங்கள். கடைசியாக ஒதுக்கீடு பெற்றவருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை பேர் என்று பாருங்கள். பி.சி.யிலோ எம்.பி.சி.யிலோ சில நூறு பேர் தள்ளி இருந்தால் காத்திருக்கலாம். நூற்றுக்கு ஒரு இடம் என்கிற எஸ்.டி. பிரிவில் பட்டியல் ஆமை வேகம்தான். அங்கே சில பேர் தள்ளி இருப்பதே தூரம். சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று ஒன்றும் உண்டு. அதைப் பல வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் முடிந்தால் முடிந்ததுதான்.

இந்த வதந்தி வெறும் வாய்ப்பேச்சோடு நின்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான்: "நம்ம கையில ஒரு காலேஜ் இருக்கு, ஒரிஜினலைக் கொடுத்து அட்வான்ஸ் போட்டு பிளாக் பண்ணிடுங்க." பிளாஸ்டிக் கவருக்குள் மார்க் ஷீட், டி.சி., கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் போகும். திரும்பி வருவது ஒரு துண்டு ரசீது. அதில் கல்லூரி முத்திரை இருக்காது, எதற்காகக் கட்டிய பணம் என்றும் இருக்காது. "திருப்பித் தரப்பட மாட்டாது" என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். சில வாரம் கழித்து இரண்டாம் சுற்றில் அரசு ஒதுக்கீடு வரும். ஒரிஜினலோடு சில நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். கவரை வாங்கப் போனால், நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப் போ என்பார்கள். வந்த சீட் அடுத்தவளுக்குப் போகும். "பார்த்தீங்களா, வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஏஜென்ட் அப்போதும் சொல்வார்.

கல்லூரிகள் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. கட்டணப் பாக்கிக்குச் சான்றிதழை அடகுபோல வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் வக்கீலைப் பார்த்து, நோட்டீஸ் அனுப்பி, கவர் கைக்கு வருவதற்குள் சேர்க்கைத் தேதி போய்விடும். அதனால் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அட்டெஸ்ட் வாங்கிக் கொடுங்கள். ஒரிஜினல் இல்லாமல் இடம் பிடித்து வைக்க மாட்டோம் என்று ஒரு கல்லூரி சொன்னால், அங்கே இடம் காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வெயிட்டிங் என்று அழுகிற பலருக்கு மார்க் குறைச்சலே இல்லை. சாய்ஸ் ஃபில்லிங்கில் சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி, வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்று மூன்றை மட்டும் போட்டுவிட்டு லாக் செய்திருப்பார்கள். மூன்றும் நிரம்பினால் கணினி என்ன செய்யும்? சேரச் சம்மதம் இருக்கிற கல்லூரி அத்தனையையும் பிடித்த வரிசையில் போடுங்கள். நீளமாகப் போட்டால் மேலே இருப்பது கிடைக்காது என்பது இன்னொரு கட்டுக்கதை. பிறகு அந்த போன் நம்பர். பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டுவிடுவார். ஓ.டி.பி. அவருக்குப் போகும், அலாட்மென்ட் தகவலும் அவருக்கே போகும். அவர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்கத் தேவையில்லை.

நீட் இல்லாமல் நர்சிங் இல்லையாமே என்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் இதுவரை பிளஸ் டூ மார்க்தான். ஜிப்மரும் ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. எய்ம்ஸ் தனித் தேர்வு வைக்கிறது, வேலூர் சி.எம்.சி.யும் அப்படியே. அதற்கு அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. ஒன்றில் விண்ணப்பித்தால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேராது.

எம்.எல்.ஏ. லெட்டர் வாங்கினால் பட்டியலில் மேலே வரலாமாம். ரேங்க் பட்டியல் இணையத்தில் ஊருக்கே தெரியும்படி கிடக்கிறது. லெட்டரை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.என்.எம். படித்தால் மதிப்பில்லை, அதை மூடப்போகிறார்கள் என்பது பல வருஷமாக ஓடும் பழைய டேப். மூன்று வருஷ டிப்ளமோ முடித்தவரும் நாலு வருஷ பி.எஸ்சி. முடித்தவரும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் அதே நர்ஸ் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். டிகிரி வேண்டுமென்றால் பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. வார்டில் ராத்திரி ஷிப்டில் வெயின் கிடைக்காத குழந்தைக்கு ஊசி போட யாரைக் கூப்பிடுவோம் என்று என்னிடம் கேட்டால், டிகிரியைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

"ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதற்குக் கொஞ்சம் நிற்க வேண்டும். நீட்டுக்கு அப்படி உட்காருவதில் அர்த்தம் உண்டு, மறுபடி எழுதினால் மார்க் ஏறலாம். மாநில நர்சிங் சேர்க்கைக்கு உங்கள் பிளஸ் டூ மார்க் அதே மார்க்தான். அடுத்த வருஷம் புதுசாக எழுதி வருகிறவர்களுக்கு நடுவில் அதே மார்க்கோடு நிற்கப்போகிறீர்கள். எய்ம்ஸுக்கோ ஜிப்மருக்கோ படிக்கிறேன் என்றால் உட்காருங்கள். இல்லையென்றால் கிடைக்கிற ஜி.என்.எம்.மிலோ துணை மருத்துவப் படிப்பிலோ சேர்ந்துகொண்டு காத்திருங்கள். அதை விட்டுவிட்டு மாறினால் கட்டணம் எவ்வளவு திரும்பும், கவுன்சலிங்கில் தடை ஏதும் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் காத்திருக்கும் வாரங்களில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் பேசிப் பேசி அலுத்த விஷயம் இது, இங்கேயும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் சாய்ஸ் லிஸ்டில் இருக்கும் தனியார் கல்லூரிகளுக்குப் போங்கள். கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கண்ணாடியும் நீரூற்றும் எல்லா இடத்திலும் இருக்கிறது. அவர்களுடைய ஆஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள். நர்சிங் கவுன்சில் விதிப்படி கல்லூரிக்கென்று குறைந்தது நூறு படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு வேண்டும், டிகிரி வாங்குவதற்குள் கிளினிக்கல் வருகை நூறு சதவீதம் நிரம்ப வேண்டும். நோயாளியே இல்லாத வார்டில் அந்த வருகையை எங்கே நிரப்புவது? ரெஜிஸ்டரில்தான். வாரநாள் காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் போய் நில்லுங்கள். சீட்டு வாங்கக் கூட்டம் இருக்கிறதா, மெடிக்கல் வார்டில் கட்டிலில் ஆள் படுத்திருக்கிறாரா, பிரசவ வார்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். யூனிஃபார்மில் போகிற மூன்றாம் வருஷப் பெண்ணை நிறுத்தி, "எத்தனை பிரசவம் பார்த்திருக்கே கண்ணு?" என்று கேளுங்கள். அவள் பிரின்சிபல் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், அந்தக் கல்லூரியைப் பட்டியலின் அடியில் போடுங்கள்.