சீட்டில் யார் பெயர்?

பலமனேரிலிருந்து முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பும் தங்கைக்கு,

உன் ஊர்த் தக்காளி மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்னால் பெட்டி ஏற்றி வரும் விவசாயி, கண்ணில் பட்ட முதல் மண்டியில் வண்டியை நிறுத்திவிடுவதில்லை. இங்கே கமிஷன் எவ்வளவு பிடிக்கிறார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று டீ குடித்தபடியே நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குகிறார். இறக்கியதும் கிடைக்கும் சீட்டில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். ஒரு நாள் மகசூலுக்கு இத்தனை விசாரணை. நீ இறக்கி வைக்கப்போவது உன் இருபதுகளை.

‘எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள் என்று கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். அதற்காகக் கம்பெனியின் இணையதளத்தைத் திறந்து, தொடங்கிய வருஷம், நிறுவனர் பெயர், எத்தனை நாட்டுக்கு ஏற்றுமதி என்று நாலு வரி உருப்போட்டுக்கொண்டு போகிற பிள்ளைகள் நிறைய. அந்த நாலு வரியும் கம்பெனி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்தது. கேட்கிறவருக்கு அது மனப்பாடம். உனக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. விசாரிக்க வேண்டியது வேறு: மாதம் பிறந்தால் சம்பளம் யார் தருவார்கள், போன வருஷம் சேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா, இன்னும் ஐந்து வருஷத்தில் இந்த ஆலையில் என்ன செய்துகொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் கம்பெனிக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்து விட்டுவிடாதே. பெரும்பகுதி வெளியிலேயே கிடக்கிறது.

பலமனேரில் பஸ் ஏறி பெங்களூர்ப் பக்கம் போனால் முல்பாகல், கோலார் தாண்டியதும் நரசாபுரா தொழிற்பேட்டை வரும். தைவானைச் சேர்ந்த விஸ்ட்ரான் கம்பெனி 2020-ல் அங்கே ஐபோன் அசெம்பிளி வேலையைத் தொடங்கியது. சில மாதங்களிலேயே ஆட்கள் 10,000-ஐத் தொட்டார்கள். அவர்களில் கம்பெனியின் நிரந்தர ஊழியர்கள் சுமார் 1,300 பேர்தான். மற்றவர்கள் ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள், பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள். எட்டு மணி நேர ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரமானது. பேசிய சம்பளம் வரவில்லை, ஓவர்டைம் கணக்கு உதைக்கிறது, வந்த நாளுக்கும் வருகைப் பதிவு இல்லை என்று புகார்கள் சேர்ந்துகொண்டே போயின. டிசம்பர் 12-ஆம் தேதி காலை, இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில், அடக்கி வைத்த கோபம் வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, வாகனங்கள் கவிழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

அதன் பிறகு கர்நாடகத் தொழிற்சாலைகள் துறை விசாரித்தபோது, ஆள் சேர்த்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நிர்வாக ஏற்பாடு அங்கே இல்லை என்பது வெளிவந்தது. தொழிலாளர் சிலருக்குச் சம்பளம் சரியாகவும் உரிய நேரத்திலும் போகவில்லை என்று விஸ்ட்ரானே ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்டது. இந்தியத் தொழிலைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. நிலைமை சீராகும்வரை புது வேலை தரமாட்டோம் என்றது ஆப்பிள். 2023 அக்டோபரில் அந்த ஆலையை டாடா குழுமம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது.

எங்கே வேலை என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் ‘ஐபோன் கம்பெனியில்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஐபோன் ஆப்பிளுடையது. ஆலை விஸ்ட்ரானுடையது. சம்பளச் சீட்டு ஏஜென்சியுடையது. கான்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் ஆலைக்காரரே சம்பளம் தர வேண்டும் என்று 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. ஆனால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதலில் தன்னை வேலைக்கு எடுத்தது யார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே உன் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஆஃபர் லெட்டர் யார் பெயரில் வரும்? இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பெண் பிள்ளை என்பதால் இன்னொரு பெயரையும் கேட்டு வைத்துக்கொள்: ஹாஸ்டலை யார் நடத்துகிறார்கள்? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது சம்பளத்துக்காக அல்ல. ஹாஸ்டல் சாப்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு நடந்தது அது. தங்கும் இடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் அந்த ஆலையையும் கண்காணிப்பில் வைத்தது.

எதிர்த்திசையில், திருப்பதிப் பக்கம் வேலை தேடினால் அமர ராஜாவின் பெயர் காதில் விழாமல் இருக்காது. சித்தூர் மாவட்டத்துக்காரரான கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1985-ல் தொடங்கிய கம்பெனி. கரகம்பாடியில் தலைமையிடம், அமரான் பேட்டரி அதன் பெயர் பெற்ற சரக்கு. இந்தக் கம்பெனியை வைத்தே, வெளியில் கிடக்கும் காகிதங்களை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 இடங்கள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. லெட்டர்பேடிலேயே அச்சிட்டிருப்பார்கள், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைப் போட்டாலும் வரும். முதல் எழுத்து ‘எல்’ என்றால் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி, ‘யு’ என்றால் பட்டியலில் இல்லாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழிலைச் சொல்கிறது. பிறகு இரண்டெழுத்தில் மாநிலம், நாலு இலக்கத்தில் பதிவான வருஷம், மூன்றெழுத்தில் பப்ளிக்கா பிரைவேட்டா என்பது, கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். அமர ராஜாவின் எண் ‘எல்’லில் தொடங்கி, நடுவில் ‘ஏபி’ என்றும் 1985 என்றும் ‘பிஎல்சி’ என்றும் போகிறது. ‘இருபது வருஷப் பாரம்பரியம்’ என்று பேனர் கட்டிய ஒரு கம்பெனியின் எண்ணுக்குள் 2023 என்று இருந்தால் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள். பங்குதாரர்களாக நடத்திய பழைய தொழிலைப் புதிதாகக் கம்பெனியாகப் பதிந்திருக்கலாம். அப்படியானால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

பெயர் மாற்றங்களைக் கூர்ந்து பார். அமர ராஜா பேட்டரீஸ் என்றிருந்த பெயர் 2023-ல் அமர ராஜா எனர்ஜி அண்ட் மொபிலிட்டி என்று மாறியது. அதற்கு முந்தைய வருஷக் கடைசியில்தான் தெலங்கானாவின் மகபூப்நகரில் லித்தியம் செல் ஆலைக்காக, பத்து வருஷத்தில் 9,500 கோடி ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரியில் வளர்ந்த வீடு லித்தியத்துக்கு நகர்கிறது என்று புரியும். எலக்ட்ரானிக்ஸ் படித்த உனக்கு இது வெறும் செய்தி அல்ல. லித்தியம் செல்லை ஏற்றி இறக்கும்போது வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் சர்க்யூட் உன் பாடத்துக்குப் பக்கத்து வீடு. ‘பேட்டரி கம்பெனிக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு?’ என்று கேட்டால் சொல்ல உன்னிடம் பதில் இருக்கும். அது மனப்பாடம் செய்த பதிலாகவும் இருக்காது.

கசப்பான செய்திகளையும் அதே அக்கறையோடு படி. 2021 ஏப்ரல் கடைசியில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தக் கம்பெனியின் இரண்டு ஆலைகளை மூடச் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்த விவகாரத்தில் பேச்சு பெரும்பாலும் ஈய மாசைப் பற்றித்தான். 2023 ஜனவரி 30 அன்று நூனேகுண்ட்லபள்ளி ஆலையில் தீ விபத்து நடந்தது. இவற்றை இன்டர்வியூவில் குற்றச்சாட்டாக எடுத்து வைக்க வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒருத்தியாக, ‘ஆலைக்குள் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் ஈய அளவு எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள், சார்?’ என்று கேள். எந்த பேட்டரி கம்பெனியிலும் இது நியாயமான கேள்வி. நன்றாக நடத்துகிற இடத்தில் இதற்கு உடனே, கணக்காகப் பதில் வரும்.

பட்டியலான கம்பெனிகள் விஷயத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளும் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வைத்திருக்கிறது. ஆண்டறிக்கையின் நடுவில் கிடக்கும் அந்தப் பக்கங்களை வேலை தேடுகிறவர்கள் புரட்டுவதே இல்லை. மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. நிரந்தரம் எத்தனை பேர், நிரந்தரம் அல்லாதவர் எத்தனை பேர், மூன்று வருஷங்களில் நூற்றுக்கு எத்தனை பேர் விட்டுப் போனார்கள், அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, வேலையில் அடிபட்டவர்கள், இறந்தவர்கள், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்த பெண்கள் என்று எல்லாம் அட்டவணையாக இருக்கும். அங்கே வேலை பார்க்கும் அண்ணன்மாரிடம் கேட்டால்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் முதல் வேலை பெரும்பாலும் இவ்வளவு பெரிய இடத்தில் கிடைப்பதில்லை. அறுபது பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கு ஆண்டறிக்கையை எங்கே தேடுவது? அங்கே கைகொடுப்பது பி.எஃப். இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம் பி.எஃப். கட்ட வேண்டும், ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் உண்டு. பெயரைப் போட்டால் நிறுவனத்தின் எண்ணும் முகவரியும் வரும்; பணம் செலுத்திய விவரத்தைத் திறந்தால் மாதத்துக்கு ஒரு வரி. எந்த மாதத்துச் சம்பளம், எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் வரவானது என்று இருக்கும். விரலை வைத்து மேலிருந்து கீழே வா. தேதிகள் எல்லாம் 12, 14, 13 என்று இருந்தால் அங்கே கணக்கு ஒழுங்கு. ஒரு மாதம் 28, அடுத்தது இரண்டு மாதம் சேர்த்து, அதற்கடுத்தது காணவே இல்லை என்றால் முதலாளிக்குக் கைமுடை. ஆட்கள் எண்ணிக்கை ஆறு மாதத்தில் பாதியானால் அதற்கும் காரணம் இருக்கும். ‘முன்னூறு பேர் வேலை பார்க்கிறார்கள்’ என்று சொன்ன இடத்தில் பி.எஃப். வரி முப்பது பேருக்கு மட்டும் இருந்தால், மீதிப் பேர் யார் கணக்கில் இருக்கிறார்கள் என்று பார்.

காகிதமும் பொய் சொல்லும். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஆண்டறிக்கையில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில்தான் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் ஊதிக் காட்டியது வெளியானது. 50,000 ஊழியர்கள் ஒரே காலையில் திகைத்து நின்றார்கள். அறிக்கையில் தெரியாதது செய்தியில் முன்கூட்டியே கொஞ்சம் கசிந்தது. அந்தக் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு, ராஜுவின் குடும்பத்துக் கம்பெனிகளான மேடாஸை சத்யம் பணத்தில் வாங்கப் போவதாக அறிவித்து, முதலீட்டாளர்கள் எதிர்த்ததும் ஒரே நாளில் பின்வாங்கியிருந்தார்கள். ஆகவே அறிக்கையோடு சேர்த்துச் செய்தியையும் படிக்க வேண்டும்.

இதில் பலமனேர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மூன்று மாநிலம் முட்டுகிற இடத்தில் வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கோலார்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களால் கன்னடமும் காதில் விழுந்திருக்கும். நரசாபுராவில் என்ன நடக்கிறது என்று கன்னடப் பத்திரிகையின் கோலார்ச் செய்தியில் இருக்கும். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையைப் பற்றித் தெலுங்கு ஈநாடுவின் ஜில்லாப் பக்கத்தில் இருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் விஷயம் தினத்தந்தியில் வரும். ஆங்கிலப் பத்திரிகை ஆலை திறப்பு விழாவுக்குப் பெரிய படம் போடும். கேட் வாசலில் இருபது பேர் உட்கார்ந்த செய்தியைப் பெரும்பாலும் ஜில்லாப் பக்கம்தான் போடும்.

முடிந்தால் இன்டர்வியூவுக்கு முந்தின நாளே போய்விடு. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார். வெளியே வருகிறவர்களின் அடையாள அட்டைக் கயிறு இரண்டு மூன்று நிறத்தில் இருந்தால் கடைக்காரரிடம் கேள், எந்த நிறம் யாருடையது என்று சொல்வார். பெண்கள் இருந்தால் பஸ் எத்தனை மணிக்கு, எந்த ஊர்வரை என்று விசாரி. ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்டால் தயங்குவார்கள். ‘சம்பளம் எந்தத் தேதியில் போடுவார்கள், அக்கா?’ என்று கேட்டால் யாரும் மறைப்பதில்லை.

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், டிரெயினிங் பணம் என்று சேருவதற்கு முன்பே காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்டின் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்க வேண்டும். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்தியப் பிள்ளைகள் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்டபோது, அரசே அந்தச் செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது.

தெரிந்துகொண்டதை எல்லாம் இன்டர்வியூவில் கொட்டிவிடாதே. ஒரு தாளில் மூன்று கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போ. கடைசியில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள், அப்போது அந்தத் தாளை எடு. பதிலை அவர்கள் முன்னாலேயே குறித்துக்கொள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடாமல் ஒரு ராத்திரி வீட்டில் வை. சம்பளத் தொகையை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன், தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரையும் அந்த 21 இட எண்ணையும், நீ டீக்கடையில் கேட்ட பெயரோடு ஒட்டிப் பார்.

அன்புடன்.