வைக்கோலை நறுக்கி மாட்டுக்குக் கொடுத்தல்

பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனி மாதங்களில் வயலிற் கிடக்கும் வைக்கோலுக்குப் பலர் மதிப்புக் கொடுப்பதில்லை. சிலர் அதற்குத் தீயும் வைத்துவிடுகின்றனர். ஆடி, ஆவணியில் மேய்ச்சற்றரை கருகி, மாட்டின் விலாவெலும்பு தெரியத் தொடங்கும்போதே அதன் அருமை தெரிகின்றது. வரண்ட காலத்தில் உங்கள் பசு பால் வற்றாது நிற்பது, நீங்கள் வைக்கோலை எவ்வாறு சேமித்தீர்கள், எவ்வாறு கொடுக்கின்றீர்கள் என்பவற்றிலே பெரிதும் தங்கியுள்ளது.

முழு வைக்கோலைக் கட்டுக்கட்டாக நிலத்திற் போட்டால் மாடு தனக்கு விருப்பமான பாகத்தை இழுத்துத் தின்னும்; மீதியை மிதித்து, சாணத்திலும் சிறுநீரிலும் தோய்த்துவிடும். இதனால் ஏற்படும் நட்டத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மாலை 5 கிலோகிராம் முழு வைக்கோலை நிறுத்து மாட்டின் முன் இடுங்கள். மறுநாட் காலை எஞ்சியதைக் கூட்டியெடுத்து, உலர்த்தி, நிறுங்கள். அடுத்த மாலை அதே அளவு வைக்கோலை நறுக்கித் தொட்டியிலிட்டு, அவ்வாறே எஞ்சியதை நிறுத்துப் பாருங்கள். இரண்டு நிறைகளுக்கும் உள்ள வேறுபாடே நறுக்கும் வேலைக்குக் கிடைக்கும் கூலியாகும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நறுக்குவதனால் வைக்கோலிற் சத்துக் கூடுவதில்லை. வீண்போதல் குறைகின்றது, பிற தீனிகளுடன் கலத்தல் எளிதாகின்றது, அவ்வளவே. வெட்டுப்பொறி வாங்கியவுடன் பால் பெருகும் என்று எண்ணிப் பிண்ணாக்கைக் குறைத்தவர்கள் ஏமாற்றமடைவர்.

துண்டு ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை நீளமாக இருத்தல் நன்று. தூளாக அரைத்தல் கூடாது. மாடு அசைபோட்டு மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீரே அதன் பெருவயிற்றிற் புளிப்பு மிகாது காக்கின்றது. தூள் தீனிக்கு அசைபோடுதல் குறையும். தீனியும் செரிப்பதற்கு முன்னரே வயிற்றைக் கடந்துவிடும். பாலிற் கொழுப்பும் குறையும். குதிரை வளர்ப்போர் நறுக்கிய வைக்கோலைத் தானியத்துடன் கலப்பது வேறு காரணம் பற்றியது. குதிரை அசைபோடும் விலங்கன்று. தானியத்தை மட்டும் இட்டால் மெல்லாது விழுங்கிவிடும். நறுக்கிய நார் கலந்திருந்தால் ஆறுதலாக மென்று தின்னும்.

மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. அவை நன்கு வேலைசெய்வதற்குத் தீனியின் உலர்நிறையிற் சுமார் 7 சதவீதம் புரதம் வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 5 சதவீதம் மட்டுமே. வயிறு நிறைய வைக்கோல் தின்றும் மாடு மெலிவதன் காரணம் இதுவே. இக்குறையை நீக்குவதற்கு வேலியிலே நிற்கும் கிளிரிசீடியா, அதாவது சீமைக்கிளுவை, போதும். நாளொன்றுக்கு 5 கிலோகிராம் வைக்கோல் தின்னும் பசுவுக்கு அதன் பச்சை இலை 4 கிலோகிராம் சேர்த்தால், மேற்கூறிய அளவு ஏறக்குறைய நிறைவாகும். முதலில் மாடு மணம் பிடியாது ஒதுக்கக்கூடும். இலையை ஒருநாள் வாடவிட்டு, நறுக்கிய வைக்கோலுடன் நன்கு கலந்து கொடுத்தால் பழகிவிடும். முழு வைக்கோலுடன் இவ்வாறு கலக்க முடியாது. கறவைப் பசுவுக்குத் தவிடும் பிண்ணாக்கும் கனியுப்பும் வழக்கம்போல் வேண்டும்.

பச்சை இலை கிடையாத இடத்தில் யூரியாவினாற் பதப்படுத்தலாம். 100 கிலோகிராம் உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவும் 80 முதல் 100 லீற்றர் நீரும் தேவை. யூரியாவை முற்றாகக் கரைத்து, படைபடையாக இட்ட வைக்கோலின்மீது சமமாகத் தெளித்து, ஒவ்வொரு படையையும் மிதித்து இறுக்கிப் பொலித்தீனினால் காற்றுப் புகாது மூடுக. நறுக்கிய வைக்கோல் நன்கு இறுகுவதால் இவ்வேலைக்கும் ஏற்றது. மூன்று வாரங்களில் யூரியாவிலிருந்து எழும் அமோனியா வாயு நாரின் இறுக்கத்தைத் தளர்த்தி, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைதரசனையும் சேர்த்துவிடும். கொடுப்பதற்கு முன்னர் அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்துப் பரப்பிக் கண்ணெரியும் வாயு போகும்வரை ஆறவிடுக. பழகும்வரை சாதாரண வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்க.

இங்கே கவனக்குறைவு மாட்டின் உயிரைப் போக்கிவிடும். அளவுக்கு மேல் யூரியா இடுதல், கரையாத கட்டிகளைத் தெளித்தல், கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் ஆபத்தானவை. தாகமெடுத்த பசு அவ்வாளியில் வாய் வைத்தால், வயிறு ஊதி, நடுங்கி, வாயில் நுரை தள்ளிச் சில மணி நேரத்துள் இறக்கக்கூடும். அவ்வேளையில் நாட்டு மருந்து தேடி நிற்காது மிருக வைத்தியரை உடனே அழையுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கும், குதிரைகளுக்கும், பன்றிகளுக்கும் யூரியா வைக்கோலைக் கொடுத்தலாகாது.

வைக்கோல் எதுவாயினும் பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்குக. நறுக்கிக் கலந்தபின் மாட்டினால் அதைத் தெரிந்து விலக்க முடியாது. நெற்றாளில் இலையைவிடத் தண்டே எளிதிற் செரிப்பதாதலால், நிலத்தையொட்டி வெட்டிய வைக்கோல் மேலானது. நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலே தங்கியிருப்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வயலிலிருந்து வைக்கோலை எடுத்தவர் தொழுவத்துச் சாணத்தையும், சிறுநீர் தோய்ந்த கூளத்தையும் அதே வயலுக்குத் திருப்பிக் கொண்டுபோதல் வேண்டும்.

வெட்டுப்பொறியில் வைக்கோலைத் தள்ளுவதற்கு ஒரு கட்டையைப் பயன்படுத்துங்கள். கையை உள்ளே விடாதீர்கள். வேலை முடிந்ததும் சிறுவர் சுழற்றாதபடி சக்கரத்தைச் சங்கிலியாற் பிணைத்து வையுங்கள்.