பழைய ஏ.சி. வெல்டிங் கருவியை டி.சி.யாக மாற்றும் சிக்கன முறை

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமையாகும். ஏரியில் நீர் நிற்கும் நாட்களுக்குள் சேற்றுழவு முடிந்தாக வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களுக்கும் இவ்விதி ஒன்றே. மடை திறந்த வாரத்தில் டிராக்டரின் கேஜ் வீல் முறிந்து, அதைப் பற்றவைக்க ஆள் கிடைக்காமல் நான்கு நாட்கள் கழிந்தால், நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். அந்நஷ்டம் களத்துமேட்டில் தெரியவரும். ஆதலால் பெரிய பண்ணைகளிலும் கிராமப் பட்டறைகளிலும் சொந்தமாக ஒரு வெல்டிங் கருவி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

இவற்றுட் பல, எண்ணெய் நிரப்பிய அல்லது காற்றால் குளிரும் பழைய ஏ.சி. டிரான்ஸ்பார்மர்களாகும். இவை உறுதியானவை, ஆயினும் மெல்லிய தகட்டையும், பம்பின் வார்ப்பிரும்பு உடலையும், பளு தாங்கும் உறுப்புக்களையும் பற்றவைக்கையில் தொல்லை கொடுப்பவை. அத்தகைய கருவியைக் குறைந்த செலவில் டி.சி. தரும்படி மாற்றுவது எவ்வாறு என்பதும், எப்பொழுது மாற்றலாகாது என்பதும் இங்கே விளக்கப்படுகின்றன.

1. ஏ.சி.க்கும் டி.சி.க்கும் உள்ள வேறுபாடு

நம் நாட்டு மின்சாரம் ஒரு வினாடியில் 50 முறை முழுச் சுற்றுச் சுற்றி வருவது. எனவே ஏ.சி. ஓட்டம் வினாடிக்கு 100 முறை சூனியத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு தடவையும் ராடின் நுனியிலுள்ள மின்சுடர் அவிந்து மீண்டும் பற்ற வேண்டும். சாதாரணப் பட்டறைகளில் வழங்கும் 6013 எண் ராடின் மேற்பூச்சில், சுடர் மீண்டும் எளிதிற் பற்றுதற்குரிய பொருள்கள் கலந்திருக்கின்றன. ஆகவே அது ஏ.சி.யில் நன்கு எரியும். பலமான வேலைக்குரிய 7018 எண் ராடு டி.சி.யிலேயே அமைதியாக எரியும். ஏ.சி.யில் அதை உபயோகிக்க வேண்டுமானால் கருவியின் வோல்ட் உயர்ந்திருத்தல் அவசியம். 6010, 7015 ஆகிய ராடுகள் டி.சி.க்கென்றே செய்யப்பட்டவை.

டி.சி.யில் ஓட்டம் ஒரே திசையில் செல்வதால் சுடர் நிலைத்து நிற்கும். குறைந்த ஆம்பியரிலும் ராடு ஒட்டிக்கொள்ளாது. ராடைப் பாஸிடிவ் முனையிலோ நெகடிவ் முனையிலோ வேலைக்குத் தக்கபடி மாட்டலாம். கனத்த இரும்புக்கும் 7018 ராடுக்கும் பாஸிடிவ் முனை ஏற்றது. மெல்லிய தகட்டை 6013 ராடால் பற்றவைக்க நெகடிவ் முனை உதவும்.

டி.சி. முறை புதிதன்று. 1881ஆம் ஆண்டில் ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ் கரிக்கோலால் உலோகத்தைப் பற்றவைத்துக் காட்டியது டி.சி.யைக் கொண்டேயாகும். ஏ.சி. கருவிகள் விலை மலிவினால் பின்னர்ப் பரவியவை. சிலிக்கான் டயோடு வந்த பிறகு, ஏ.சி.யை டி.சி.யாக்குவது சிறு பட்டறைக்கும் எட்டும் காரியமாயிற்று.

2. மாற்றுமுன் செய்யவேண்டிய மூன்று சோதனைகள்

சாமான் வாங்கப் புறப்படுமுன் பழைய கருவி இச்செலவுக்குத் தகுந்ததா என்று அறிதல் வேண்டும். இச்சோதனைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே நடத்துக.

முதலாவது, காப்புச் சோதனை. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, 500 வோல்ட் மெக்கரால் முதற்சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையிலுள்ள தடையை அளக்கவும். 5 மெகாஓமுக்குக் குறைந்தால் கருவியைக் காயவைத்து மறுபடியும் அளக்க வேண்டும். மீண்டும் குறைவாகவே இருப்பின் அக்கருவியைக் கைவிடுவதே உசிதம்.

இரண்டாவது, வோல்ட் சோதனை. ராடு எரியாத நிலையில் வெளிமுனைகளில் எத்தனை வோல்ட் நிற்கிறதென்று பார்க்கவும். அந்த எண்ணை 0.9ஆல் பெருக்கி, அதில் 2 கழித்தால், மாற்றிய பிறகு கிடைக்கும் டி.சி. வோல்ட் ஏறக்குறைய வந்துவிடும். 75 வோல்ட் கருவியில் சுமார் 65 வோல்ட் கிடைக்கும்; இது போதுமானது. 50 வோல்ட் கருவியில் 43 வோல்ட்தான் மிஞ்சும். அதில் 7018 ராடைக் கொளுத்துவதே கஷ்டம். எனவே 60 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கருவியை மாற்றப் பணம் செலவிடலாகாது. பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

மூன்றாவது, உழைப்பு அளவு. பத்து நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் தொடர்ந்து எரிக்கலாம் என்பது கருவியின் பெயர்த்தகட்டில் நூற்றுவீதமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். டி.சி.யாக மாற்றியதனால் டிரான்ஸ்பார்மரின் வலிமை கூடிவிடாது. 200 ஆம்பியர் கருவியை 150 ஆம்பியர் வரையில் உபயோகித்தலே நலம்.

3. டயோடுகளும் வெப்பத் தகடுகளும்

நான்கு டயோடுகளைப் பாலம்போல் இணைப்பதே இம்முறையின் சாரம். 150 ஆம்பியர் வேலையில் ஒவ்வொரு டயோடு வழியும் சராசரி 75 ஆம்பியர் செல்லும். வெப்பத்தையும் ராடு ஒட்டிக்கொள்ளும் தருணத்து அதிர்ச்சியையும் கருதி, 150 ஆம்பியருக்குக் குறையாத, போல்ட் அடியுள்ள டயோடுகளைத் தெரிந்தெடுக்கவும். அவை தாங்கும் எதிர்வோல்ட் 400க்குக் குறையலாகாது. 600 ஆனால் மேலும் நன்று. மோட்டார் வண்டி ஆல்டர்னேட்டர்களிலுள்ள சிறு டயோடுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டுவது வேண்டாம். அவை சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளா. ஒன்று எரிந்தபின் மற்றவையும் ஒவ்வொன்றாக எரிந்துபோகும்.

டயோடுகளில் இரு வகை உண்டு. ஒன்றில் போல்ட் அடி பாஸிடிவ் முனைக்குரியது. மற்றதில் போல்ட் அடி நெகடிவ் முனைக்குரியது. வகைக்கு இரண்டாக வாங்கினால், ஹீட் சிங்க் என்று கடைகளில் வழங்கும் அலுமினிய வெப்பத் தகடுகள் இரண்டே போதும். முதல் வகை இரண்டையும் ஒரு தகட்டில் முடுக்கினால் அத்தகடே பாஸிடிவ் முனையாகும். இரண்டாம் வகை இரண்டையும் முடுக்கிய தகடு நெகடிவ் முனையாகும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியும், ஒரு தகட்டிலுள்ள ஒரு டயோடின் வாலையும் மற்றத் தகட்டிலுள்ள ஒரு டயோடின் வாலையும் சேர வேண்டும். இரு தகடுகளும் ஒன்றையொன்று தொடாமலும், பெட்டியின் இரும்பைத் தொடாமலும் ஹைலம் பலகைமேல் நிறுத்தப்பட வேண்டும்.

150 ஆம்பியர் செல்லும்போது டயோடுகள் நான்கும் சேர்ந்து சுமார் 300 வாட் வெப்பத்தை வெளியிடும். ஆகவே காற்றாடி இன்றியமையாதது. டயோடின் அடியில் வெப்பக் களிம்பு தடவி, தயாரிப்பாளர் கூறும் அளவுக்கே முடுக்கவும். மிகையாக முடுக்கினால் உள்ளிருக்கும் சிலிக்கான் வில்லை விரிந்துவிடும். தகட்டின் சூடு மிகும்போது மின்சாரத்தைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் பொருத்துதல் சிறந்த காவல். மின்னழுத்தத் துள்ளல்களை விழுங்க, டிரான்ஸ்பார்மரின் வெளிமுனைகளுக்குக் குறுக்கே தக்க அளவுள்ள வேரிஸ்டர் ஒன்றை மாட்டவும்.

4. சோக் சுருளின் அவசியம்

டயோடுகளை மட்டும் மாட்டி வேலை முடிந்ததென்று விட்டுவிடுவோர் உண்டு. டயோடுகள் ஓட்டத்தின் திசையை ஒழுங்குபடுத்துமேயன்றி அதன் ஏற்ற இறக்கத்தைப் போக்கமாட்டா. வினாடிக்கு 100 முறை ஓட்டம் தாழ்ந்து எழும், சுடர் படபடக்கும், சிதறல் மிகும். இக்குறையை நீக்குவது பாஸிடிவ் கம்பியில் தொடராக இணைக்கப்படும் சோக் சுருளாகும். வண்டியின் கனத்த சக்கரம் மேடுபள்ளத்தில் வேகத்தைக் காப்பதுபோல, இச்சுருள் ஓட்டத்தைத் தாழவிடாமற் காக்கும்.

எரிந்துபோன பழைய டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகட்டு அடுக்கு இதற்கு உதவும். அடுக்கின் நடுக்கால் குறுக்குப் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர் இருப்பின், 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளை அதன்மேல் 30 சுற்றுச் சுற்றலாம். இரும்பு வளையம் முழுதாக மூடியிருக்கலாகாது. காந்தம் செல்லும் வழியில் மொத்தம் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஹைலம் துண்டை வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். இடைவெளி இல்லையேல் டி.சி. ஓட்டத்தால் இரும்பு காந்தத்தில் நிறைந்துபோய், சுருள் வெறுங் கம்பியாகிவிடும். மேற்சொன்ன அளவில் 150 ஆம்பியர் வரை அப்படி நேராது. அடுக்கின் ஜன்னலில் இத்தனை சுற்றுக்கு இடமுண்டா என்று முன்னரே அளந்துகொள்க.

பழைய ஏ.சி. முனைகளை எடுத்துவிட வேண்டாம். டி.சி.யில் கனத்த இரும்பின் மூலைகளிலும் விளிம்புகளிலும் பற்றவைக்கும்போது, காந்தத்தின் இழுப்பால் சுடர் ஒருபக்கம் சாய்வதுண்டு. எர்த் கிளாம்பை இடம் மாற்றியும், சுடரைக் குறுக்கியும் பார்த்துத் தீராவிடில், அவ்விடத்தை மட்டும் ஏ.சி.யில் முடிப்பதே சுலபம்.

5. கடற்கரைக் காற்றுக்கேற்ற காவல்

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலும் அதற்குத் தெற்கிலும் உள்ள கிராமங்களில் உப்புக் காற்றே இக்கருவியின் முதற் சத்துரு. செம்பும் அலுமினியமும் உப்பீரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்பட்டு இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்புச் சூடேறும். சூடு டயோடைக் கொல்லும். எனவே வெப்பத் தகட்டில் ஈயம் பூசிய லக்குகளையே உபயோகித்து, முடுக்கியபின் இணைப்பின்மேல் காப்பு வார்னிஷ் பூசவும். கருவியைத் தரையில் வைக்காமல் மரப்பலகைமேல் வைத்து, வேலையில்லாதபோது மூடிவைக்கவும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, உலர்ந்த காற்றால் உப்புத்தூளை ஊதி நீக்கவும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அத்தகைய புயலில் நனைந்த கருவியை, நல்ல நீரால் உப்பைத் துடைத்து நன்றாக உலர்த்தி, மெக்கர் சோதனை செய்த பின்னரே இயக்க வேண்டும். ராடுகளும் ஈரத்தைக் குடிப்பவையே. ஈரமேறிய 7018 ராடால் இட்ட தையல் வெளியே அழகாகத் தோன்றினும் உள்ளே விரிசல் காணும். அவற்றைத் தயாரிப்பாளர் குறித்த வெப்பத்தில் உலர்த்தியே உபயோகிக்கவும்.

6. முதல் சோதனை

ராடை மாட்டுமுன், 230 வோல்ட் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை டி.சி. முனைகளில் இணைத்து வோல்ட்டை அளக்கவும். 75 வோல்ட் கருவியில் 65க்கு அண்மையில் காட்டினால் இணைப்புச் சரி. அதில் பாதியளவே காட்டினால் ஒரு டயோடின் வழி அறுந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் பலமாக உறுமினாலோ பியூஸ் போனாலோ ஒரு டயோடு பழுதடைந்தோ தலைகீழாக மாட்டப்பட்டோ இருக்கும், உடனே நிறுத்துக. பிறகு 60 ஆம்பியரில் பழைய இரும்பின்மேல் ஒரு ராடை எரித்து, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே தகட்டின் சூட்டைத் தொட்டுப் பார்க்கவும். இயங்கும்போது அத்தகடுகளில் மின்சாரம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

7. உயிர்க் காவல்

சேற்றில் நின்று, வியர்வையில் நனைந்து பற்றவைப்பவருக்கு 75 வோல்ட்டும் எமனாகலாம். டி.சி.யாக மாற்றியதனால் இவ்வபாயம் நீங்கிவிடாது. முறிந்த கேஜ் வீலை வயலிலேயே பற்றவைக்காமல் உலர்ந்த மேட்டுக்குக் கொண்டுவருக. உலர்ந்த தோற் கையுறையும் ரப்பர் அடியுள்ள பூட்ஸும் இன்றி ராடு மாற்றலாகாது. கட்டிடத்திலுள்ள கசிவுத் தடுப்புச் சுவிட்ச், ராடு பக்கத்து அதிர்ச்சியினின்று காக்காது. டிரான்ஸ்பார்மருக்கு அப்பாலுள்ள ஓட்டம் அதற்குத் தெரியாது. கருவியின் இரும்புப் பெட்டிக்கு எர்த் அவசியம். டீசல் டாங்கியையும், மருந்து இருந்த பீப்பாயையும் ஒருபோதும் பற்றவைக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய குழாயில் பூச்சைச் சுரண்டிய பின்னரே வேலை தொடங்குக. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

கிணற்றுப் பம்புக்கென்று கொடுக்கப்பட்ட இலவச மின் இணைப்பில் வெல்டிங் கருவியை மாட்டுவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அனுமதியற்ற உபயோகமாகும். இதற்கெனத் தனி இணைப்புப் பெறுதல் வேண்டும்.

8. செலவுக் கணக்கு

டயோடு, தகடு, காற்றாடி, கேபிள், சோக்கின் இரும்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை எழுதிக் கூட்டவும். சென்னை ரிச்சி தெருவில் மின்னணுச் சாமான்களையும், ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் டிரான்ஸ்பார்மர் அடுக்கையும் தேடலாம். பழைய டயோடை மீட்டரில் சோதித்தே வாங்குக. எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கும்படி நேர்ந்தால், தொகை ஒரு சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் கருவியின் விலையை நெருங்கிவிடக்கூடும். அப்பொழுது மாற்றுவதில் இலாபமில்லை. இன்வெர்ட்டர் எடை குறைந்தது, டி.சி.யே தருவது. ஆனால் அதன் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை உப்புக் காற்றுக்கும் வோல்ட் ஏற்றத்தாழ்வுக்கும் எளிதில் இரையாகும். பழைய டிரான்ஸ்பார்மரோ உள்ளூர்ப் பணியாளரே பழுது பார்க்கத் தக்கது.

சுருங்கக் கூறின், காப்பு உறுதியாயும், வோல்ட் 60க்கு மேற்பட்டும், சாமான்களில் பாதியேனும் பழையதாகக் கிடைத்தும் இருந்தால் மாற்றுக. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுக. மாற்றுவதானால், ஏரி வற்றிய கோடையிலேயே வேலையை முடித்துச் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். மடை திறந்தபின் கருவியைப் பிரிப்பது, மழை தொடங்கியபின் கூரை பிரிப்பதற்கு ஒப்பாகும்.